ஆர் பெற்ற பிள்ளை?

மட்டக்களப்பு வாவியின் தென்பாகத்தில், குருமண்வெளித் துறைக்கும் மண்டூருக்கும் இடையே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கும் மிதவையை இப்பகுதி மக்கள் ‘பாதை’ என்றே வழங்குவர். நீரின்மீது அசைந்து செல்லும் ஒன்றுக்குப் பாதை என்று பெயரிட்டவர்களின் மனத்துணிவு வியக்கத்தக்கது. திருவிழாக் காலங்களில் அந்தப் பாதையிற் கால்வைக்க இடமிராது. சில ஆண்டுகளுக்கு முன் அத்தகையதொரு நாளின் மாலைப்பொழுதில் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக் கோயிலொன்றுக்குச் சென்றோருள் ஒரு தாயும், அவளைப் பெற்றவளும், ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்றும் இருந்தனர். அத்தாய் ஒரு கையில் அருச்சனைப் பொருள்கள் நிறைந்த பையை வைத்திருந்தாள். மறு கையாற் பிள்ளையின் மணிக்கட்டைப் பற்றியிருந்தாள். விரல்களைப் பற்றினால் நழுவிவிடும். மணிக்கட்டைப் பற்றினால் அவ்வளவு எளிதில் நழுவாது. இது 2004ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், மிகுந்த விலைகொடுத்து அவள் கற்றுக்கொண்டது.

கோயில் வீதியை அடைந்தபோது ஒலிபெருக்கி ஒரு பிள்ளையைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தது. நீலநிறச் சட்டை அணிந்த, நான்கு வயது மதிக்கத்தக்க ஆண்பிள்ளை ஒன்று தனித்து நின்று அழுதுகொண்டிருந்ததாகவும், பெற்றோர் உடனடியாக வந்து பொறுப்பேற்க வேண்டுமென்றும் அது திரும்பத் திரும்ப வேண்டியது. இப்படியான அறிவித்தல் ஒலிக்காத திருவிழா கீழ்மாகாணத்தில் இல்லை எனலாம். சனம் பெரிதும் கவலைப்படுவதில்லை. பிள்ளை எப்படியும் கிடைத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். கச்சான் விற்பவரிடம் சென்றால் அவர் கூட்டிவந்து ஒப்படைப்பார். காவடி பார்க்கச் சென்றிருந்தால் காவடி முடிந்ததும் திரும்பிவரும்.

ஆயினும் அவ்வாண்டு ஒரு புதுமை இருந்தது. கோயில் வாயிலுக்குச் சற்று அப்பால், தகரக் கூரையிட்ட தற்காலிகப் பொலிஸ் காவலரணின் முன்னால், பெண் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் மேசையிட்டு அமர்ந்திருந்தார். அவர்முன் நூல் கோத்த சிறு அட்டைகள் குவிந்து கிடந்தன. பிள்ளைகளுடன் வருவோரை மறித்து, பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கேட்டு அட்டையில் எழுதி, பிள்ளையின் கையிற் கட்டிவிட்டார். அதன்பின் அதே விபரங்களைத் தம்முன்னிருந்த கொப்பியொன்றிலும் பதிந்துகொண்டார்.

தாய் தன் முறை வந்ததும் முன்னே சென்றாள். அட்டையும் நூலும் அவளுக்குப் பிடித்திருந்தன. பெயரைச் சொல்ல வாயெடுத்தவளின் கண் கொப்பியின் மீது விழுந்தது.

“மிஸ், அட்டையில எழுதுங்க. அந்தக் கொப்பியிலயும் எழுதத்தான் வேணுமா?”

உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்தார். அவரும் தமிழ்ப் பெண்தான். இப்பகுதியைச் சேர்ந்தவரென்பது பேச்சிலே தெரிந்தது. “ஒண்டுமில்லக்கா, கணக்குக்குத்தான்” என்றார்.

தாய் பதில் கூறாது நின்றாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினர். பிள்ளையின் பாதுகாப்புக்கென்று செய்யப்படும் ஒரு காரியத்தில் இத்தனை தயக்கம் எதற்கு என்று அவர்களுட் சிலர் எண்ணியிருக்கலாம். வயதில் மூத்தவர்கள் அவ்வாறு எண்ணியிருக்க மாட்டார்கள்.

மட்டக்களப்புப் பிரதேசத்திலே பிள்ளையை இனங்காணும் முறை ஒன்று பொலிசாருக்கும் பதிவாளருக்கும் மிகவும் முற்பட்ட காலத்திலிருந்தே நிலவி வந்துள்ளது. தெருவில் எதிர்ப்படும் சிறுவனைப் பார்த்து முதியவர் கேட்கும் முதற் கேள்வி அவனுடைய பெயரன்று, “நீ ஆர்ர புள்ள?” என்பதே. சிறுவன் தாயின் பெயரைச் சொல்லுவான். முதியவர் தாயின் தாயை நினைவுகூர்வார். அங்கிருந்து குடியும், வளவும், கோயில் உரிமையும் தாமாகவே விளங்கிவிடும். தாய்வழியாக இறங்கும் குடிமுறையை ‘வயிற்றுவார்’ என்ற சொல்லாற் சுட்டுவது இவ்வூர் வழக்கு. எந்த வயிற்றிலிருந்து வந்தவன் என்பதே ஒருவனது அடையாளம். மானிடவியலாளர் இக்குடிமுறையைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். ஆயின் காணாமற்போன பிள்ளையைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடாகவும் அது இயங்கியது என்பதை அவர்கள் அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை. பிள்ளையின் முகத்திலே அம்மம்மாவின் சாயலைக் கண்டுபிடிக்கக்கூடிய நான்கு கிழவிகள் ஓர் ஊரில் இருக்கும்வரை அவ்வூரிற் பிள்ளைக்கு அட்டை தேவைப்படுவதில்லை.

இம்முறைக்கு ஒரு குறைபாடு உண்டு. அறிந்தவர்கள் உயிரோடிருக்க வேண்டும். அவர்கள் ஓரிடத்தில் இருக்கவும் வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி காலையில் அவ்விரண்டும் ஒருங்கே இல்லாமற் போயின.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையும் கூட. வீடுகளில் எல்லோரும் இருந்தனர். இலங்கையில் அன்று இறந்தோரும் காணாமற்போனோரும் 35,000 பேருக்கு மேற்பட்டோர். மாவட்டங்களுள் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை. வாவியின் தென்முனை சென்று முடியும் கல்முனைப் பகுதியும் அம்மாவட்டத்தினதே. கடற்கரையோரம் நெருக்கமாக அமைந்த வீடுகள், அவற்றிலிருந்த அலுமாரிகள், அலுமாரிகளிலிருந்த பத்திரங்கள், புகைப்படங்கள், பத்திரங்களிலிருந்த பெயர்களை அறிந்த அயலவர்கள் எல்லாம் சில நிமிட நேரத்தில் நீரோடு போயின. இறந்தோரைப் புதைப்பதிலும் அவசரம் காட்டவேண்டியிருந்தது. எத்தனையோ பிள்ளைகள் எவர் பெற்ற பிள்ளை என்று எவராலும் சொல்லப்படாமலேயே மண்ணுக்குட் சென்றனர். பாதையிலே மகளின் மணிக்கட்டைப் பற்றி நின்ற தாய், அன்று தன் தங்கையின் மகனை விரல்களாற் பற்றியிருந்தாள். அவனுடைய உடல் கிடைக்கவில்லை.

அதே நாளில், இடிபாடுகளுக்கிடையே உயிரோடு கண்டெடுக்கப்பட்ட இரண்டு மாதக் கைக்குழந்தை ஒன்று கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. அன்று அங்கே அனுமதிக்கப்பட்டோருள் அது எண்பத்தோராவது ஆகையால், ‘குழந்தை 81’ என்று வைத்தியசாலையார் குறித்துக்கொண்டனர். உலகம் முழுவதும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அக்குழந்தையை ஒன்பது தாய்மார் தம்முடையதென்று உரிமை கோரியதாகப் பத்திரிகைகள் எழுதின. கேட்டோர் மனம் உருகினர். சிலர் சாலொமோன் மன்னனின் கதையை நினைவூட்டினர். ஆனால் நீதிமன்றத்திலே முறைப்படி உரிமை கோரியவர்கள் ஒரேயொரு தம்பதியரே என்பது பின்னர் தெரியவந்தது. ஒன்பது என்ற தொகை எங்ஙனம் பிறந்தது? பிள்ளையை இழந்த பெண்கள் பலர் அந்த வைத்தியசாலைக்கு வந்து, தொட்டிலுக்குட் குனிந்து பார்த்து, ஒரு கணம் தம் பிள்ளைதான் என்று நம்பியிருப்பர். அந்தக் கணத்தைப் பொய்யென்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. அதை உரிமைக் கோரிக்கையாகக் கணக்கிட்டது செய்தி எழுதியோரின் அவசரம்.

உரிமை கோரிய தம்பதியரிடம் தம் பிள்ளையென்று காட்டுவதற்குப் பத்திரம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. வீட்டோடு அவையும் போயிருந்தன. ஆழ்ந்து நோக்கின், பத்திரம் இருந்திருந்தாலும் பயன் சிறிதே. பிறப்புச் சாட்சிப் பத்திரம் இன்ன நாளில் இன்னாருக்கு ஒரு பிள்ளை பிறந்தது என்று கூறும். தொட்டிலிற் கிடக்கும் இந்தப் பிள்ளைதான் அந்தப் பிள்ளை என்று அது கூறாது. பத்திரத்துக்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு வெளியைச் சாதாரண காலங்களில் அயலவரும், மருத்துவிச்சியும், உறவினரும் நிரப்புகின்றனர். அவர்களும் போய்விட்ட நிலையில், கல்முனை நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. முடிவு வரும்வரை குழந்தை வைத்தியசாலையிலேயே இருக்கவேண்டுமெனவும் பணிக்கப்பட்டது.

2005ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத் தொடக்கத்தில், பொறுமையிழந்த அப்பெற்றோர் வைத்தியசாலைக்குட் புகுந்து குழந்தையை எடுத்துச்செல்ல முயன்றனர். பொலிசார் அவர்களைக் கைதுசெய்து பின்னர் விடுவித்தனர். சட்டத்தின் நோக்கில் அது முறையான செயலே. பெற்றோர் என்று நிறுவப்படாதவர்கள் கையிற் பிள்ளையை விட்டுவிட முடியுமா? ஆனால் அந்தக் காட்சியைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். ஒரு பிள்ளையை அதன் சொந்தத் தாய் தகப்பனிடமிருந்தே பொலிசார் காத்துநின்றனர். கொழும்பிற் செய்யப்பட்ட பரிசோதனையின் முடிவு பெப்ரவரி 14ஆம் திகதி வெளியாயிற்று. அவர்களே பெற்றோர் என்பது உறுதியாயிற்று. இரு நாட்களின் பின் குழந்தை தாயின் கைக்கு வந்தது. அப்போது அதற்குக் கிட்டத்தட்ட நான்கு மாதம். பிறந்த நாளிலிருந்து தாயோடு இருந்த காலமும் தாயைப் பிரிந்திருந்த காலமும் ஏறக்குறைய சமமாக இருந்தன.

அக்குடும்பம் பின்பு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் தோன்றுவதற்காக நியூயோர்க் அழைத்துச் செல்லப்பட்டது. அந்தப் புகழினால் அவர்கள் அடைந்தது நன்மையிலும் பார்க்கத் தொல்லையே அதிகம் என்று பின்வந்த செய்திகள் கூறின. பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் அச்சிறுவனை அந்த இலக்கத்தால் அழைத்தோர் இருந்தனர். பிள்ளை கிடைத்துவிட்டது, பெயர் கிடைப்பதற்கு அதனினும் நீண்ட காலம் சென்றது.

அப்பெற்றோர் சென்ற அமெரிக்க நாட்டிலேதான், பிள்ளைகளை இனங்காண்பதற்கான ஏற்பாடுகளை ஊர்ப் பொலிசார் பெருமெடுப்பில் நடத்தத் தொடங்கினர். 1979ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி, நியூயோர்க் நகரில், பாடசாலை பஸ்ஸில் ஏறுவதற்காக முதன்முதலாகத் தனியே நடந்துசென்ற ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் காணாமற்போனான். அதன்பின் எழுந்த அச்சமும் சீற்றமும் அந்நாட்டிற் பல சட்டங்களுக்கும் நிலையங்களுக்கும் காரணமாயின. 1982இல் காணாமற்போன சிறுவர் தொடர்பான சட்டம் வந்தது. 1984இல் அதற்கென ஒரு தேசிய நிலையம் அமைந்தது. பாற்பெட்டிகளிற் பிள்ளைகளின் படங்கள் அச்சிடப்பட்டன. பாடசாலைகளிலும் கடைத்தொகுதிகளிலும் பொலிசார் மேசையிட்டு அமர்ந்து, வரிசையாக வரும் பிள்ளைகளின் விரல்களை மையிலே தோய்த்து அட்டையில் ஒற்றினர்.

இவ்வேற்பாட்டைப் பற்றிக் குறைகூறியோர் அந்நாட்டிலேயே இருந்தனர். பாற்பெட்டியிலே காணாமற்போன பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் காலையுணவு உண்ணும் பிள்ளைகள் காரணமின்றி அஞ்சுவர் என்று பெஞ்சமின் ஸ்பொக் போன்ற குழந்தை மருத்துவர்கள் கூறினர். காணாமற்போவதாகப் பதியப்படும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் அந்நியரால் தூக்கிச்செல்லப்பட்டோர் அல்லர்; வீட்டைவிட்டு ஓடியோரும், பிரிந்து வாழும் பெற்றோருள் ஒருவராற் கொண்டுசெல்லப்பட்டோருமே. அன்றியும் விரலடையாளம் பிள்ளையைக் காப்பதில்லை. பிள்ளை கிடைத்த பின், சில வேளை உயிரின்றிக் கிடைத்த பின், அது இன்னாருடைய பிள்ளை என்று சொல்லுவதற்கே அது உதவுகிறது. கைக்குழந்தைகளிடத்தில் அதுவும் கடினம். விரலின் வரிகள் கருவிலேயே உருவாகிவிட்டாலும், அவை மிக நுண்ணியனவாகையால் தெளிவாகப் பதிவதில்லை. இந்தியாவின் ஆதார் அட்டை முறையிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விரலடையாளம் எடுக்கப்படுவதில்லை என்பது இங்கு கருதத்தக்கது. குழந்தை 81இன் விரலை எவர் மையில் தோய்த்திருந்தாலும் பயன் விளைந்திராது.

ஆனால் அந்த அமெரிக்க ஏற்பாட்டிலே ஓர் அம்சம் இங்குள்ளோர் கருத்தூன்றி நோக்குதற்குரியது. விரலடையாளம் ஒற்றிய அட்டையைப் பொதுவாகப் பொலிசார் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. ஒற்றி முடிந்ததும் அதைப் பெற்றோர் கையிற் கொடுத்துவிட்டனர். பெற்றோர் அதை வீட்டில் வைத்திருப்பர். பிள்ளை காணாமற்போனால் மாத்திரம் எடுத்துச்சென்று கொடுப்பர். 1997இல் அங்கே தொடங்கப்பட்ட தேசியச் சிறுவர் அடையாளத் திட்டமும் இவ்வழியையே பின்பற்றிற்று. ஒரு குற்றமும் செய்யாத பிள்ளையின் விரலடையாளம் பொலிசின் பெட்டிக்குள் ஏன் கிடக்கவேண்டும் என்ற கேள்வியை அந்நாட்டுப் பெற்றோர் கேட்டதன் விளைவே இது. கோயில் வாயிலில் நின்ற தாய் கேட்டதும் அதே கேள்விதான்.

அவளுக்கு அக்கேள்வி நூல்களிலிருந்து வந்ததன்று. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபோது அவள் சிறு பிள்ளை. அம்மாதத்தில் கிழக்கிலே சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கானோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதன்பின் வந்த மாதங்களிலே தமிழ் ஊர்கள் சுற்றிவளைக்கப்பட்டன. முகத்தை மூடிய ஒருவன் தலையசைத்தால் ஓர் இளைஞனின் வாழ்வு முடிந்தது. மக்கள் அவனைத் ‘தலையாட்டி’ என்றனர். இனங்காணல் என்ற சொல்லுக்கு அந்நாட்களில் இருந்த பொருள் அது. வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோருள் 158 பேர் 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. கல்வி கற்கும் இடத்தில் நடந்தது என்பதாற் பல்கலைக்கழகத்தார் அதை மறவாதிருக்கின்றனர். ஊர்களிலே நடந்தவற்றை அவ்வவ்வூர்த் தாய்மார் நினைவில் வைத்திருக்கின்றனர். அவளுடைய தமையனும் அவ்வாண்டிலேதான் பெயர் கேட்டு அழைத்துச் செல்லப்பட்டான். சீருடையணிந்தவர்கள் ஒரு தாளைப் பார்த்துப் பெயரை வாசித்தனர். அந்தத் தாளில் அவனுடைய பெயரை எழுதியது எவர் என்பது இன்றுவரை வீட்டாருக்குத் தெரியாது.

இளமையில் அவள் கண்ட பட்டியல்கள் சீருடையினருடையவை மாத்திரமல்ல. விடுதலைப் புலிகள் வீட்டுக்கொரு பிள்ளை கேட்ட காலத்தில், எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், எத்தனை வயது என்பதை அறிந்தவர்களையே ஊர் அஞ்சிற்று. 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தான பின்னரும் மட்டக்களப்பிலே பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். சேர்க்கப்பட்ட பிள்ளைகளை மீட்பதற்கு யுனிசெப் நிறுவனத்திடம் முறையிட்ட தாய்மார், பிள்ளை பதினெட்டு வயதை எட்டவில்லையெனக் காட்டுவதற்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையே எடுத்துச் சென்றனர். பின்னர் கருணா அணியினர் அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலேயே பிள்ளைகளைப் பிடித்துச் சென்றபோது பெற்றோர் பொலிசில் முறையிட்டும் பயனேற்படவில்லை என்று மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2007ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. ஒரே பத்திரம் ஒருவர் கையிற் கேடயமாகவும் இன்னொருவர் கையில் வலையாகவும் இருந்ததை இத்தாய்மார் கண்டவர்கள். கொப்பியைக் கண்டு அவள் தயங்கியதை அறியாமை என்று எவரும் சொல்லத் துணியலாகாது.

பொலிசின் பக்கத்திலும் சொல்வதற்குச் சில உண்டு. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினாலே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நிறுவப்பட்டது. சிறுவர் துன்புறுத்தப்படுவதை எவரும் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவிக்கலாம். பொலிஸ் நிலையங்களிலே சிறுவர், மகளிருக்கான பிரிவுகள் இயங்குகின்றன. ஆழிப்பேரலைக்குப் பின், பெற்றோரை இழந்த பிள்ளைகள் கண்டவாறு கைமாறுவதைத் தடுக்கும் நோக்குடன் தத்தெடுப்பு நிறுத்திவைக்கப்பட்டதும், 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்திலே அப்பிள்ளைகளின் பராமரிப்புக்கு ஏற்பாடு செய்யப்பட்டதும் நல்ல காரியங்களே. மேசையிலிருந்த உத்தியோகத்தர்கூட இப்பகுதியில் தமிழ் பேசும் பெண்ணொருத்தியாக இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் முறைப்பாடு செய்யச் சென்ற தமிழ்த் தாய், தன் மொழி அறியாத ஒருவரிடம் மகனின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வெழுத்துகள் சரியாக எழுதப்பட்டனவா என்பதையும் அவளால் வாசித்தறிய முடிந்ததில்லை. ஓர் எழுத்துப் பிழையினால் பின்னாளில் எத்தனை விசாரணைகளில் எத்தனை பேர் அலைந்தனர் என்பதை, காணாமற்போனோர் அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியபின் அங்கே வரிசையில் நின்ற தாய்மாரைக் கேட்டால் அறியலாம்.

ஆகவே அட்டை தீதன்று. அதை எழுதுகின்ற கையும் தீதன்று. எழுதியபின் அது எவரிடம் இருக்கிறது என்பதே கேள்வி. கொப்பி திருவிழா முடிந்ததும் எங்கே செல்லும்? எத்தனை காலம் இருக்கும்? எவர் பார்ப்பர்? பாதுகாப்புத் திட்டங்களை வகுப்போர் இக்கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது பிழையாகாது. தாய்மார் விடை கேட்காமலே பெயரைக் கொடுத்துவிடும் காலம் ஒருநாள் வரலாம். அது அவர்களுக்குக் கட்டளையிட்டுப் பெறக்கூடியதன்று.

கோயில் வாயிலில் வரிசை நீண்டுகொண்டு போயிற்று. பாட்டி மகளின் முந்தானையைப் பிடித்து இழுத்து, “பேரைச் சொல்லாத புள்ள, வா போவம்” என்றாள். மகள் அசையவில்லை. ஒலிபெருக்கி நீலச் சட்டைப் பிள்ளையைப் பற்றி மீண்டும் சொல்லிற்று. இன்னும் எவரும் வரவில்லை போலும்.

உத்தியோகத்தர் தாயையும் கிழவியையும் மாறிமாறிப் பார்த்தார். இப்பகுதியிற் பிறந்தவராகையாற் சில விடயங்களை அவருக்கு விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

“அக்கா, நீங்களே எழுதுங்க” என்று பேனையையும் ஓர் அட்டையையும் முன்னே தள்ளினார்.

தாய் குனிந்து எழுதினாள். பிள்ளையின் பெயரை எழுதவில்லை. தகப்பன் பெயரையும் எழுதவில்லை. தன்னுடைய பெயரையும், அதன் கீழே தொலைபேசி இலக்கத்தையும் எழுதினாள். ஓர் இலக்கத்தைச் சந்தேகித்துக் கைத்தொலைபேசியை எடுத்துச் சரிபார்த்தாள். உத்தியோகத்தர் நூலைப் பிள்ளையின் கையில் இறுகாதவாறு கட்டிவிட்டு, கொப்பியிலே பெயர் எழுதவேண்டிய இடத்தில் ஒரு கோடு மாத்திரம் இழுத்தார். கணக்குக்கு அது போதுமானதாக இருந்தது. பின்னால் நின்ற பெண்ணொருத்தி அதைக் கவனித்திருக்க வேண்டும். தன் முறை வந்ததும் அவளும் பேனையைக் கேட்டாள்.

அன்றிரவு பூசை முடிந்து திரும்புகையிற் பிள்ளை தொலையவுமில்லை, அட்டைக்கு வேலையிருக்கவுமில்லை. மண்டபத்தருகே வெற்றிலை மென்றுகொண்டிருந்த முதியவர் ஒருவர் மாத்திரம் பிள்ளையை மறித்து, “நீ ஆர்ர புள்ள?” என்று கேட்டார். பிள்ளை வாய்திறவாமற் கையை நீட்டிக் காட்டிற்று. அவருக்கு வாசிக்கத் தெரியவில்லையோ, கண்ணாடி கொண்டுவரவில்லையோ, அட்டையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பாட்டியைப் பார்த்தே ஊரையும் குடியையும் விசாரிக்கத் தொடங்கினார். அந்த உரையாடல் நெடுநேரம் சென்றது.

கடைசிப் பாதையில் இடம் கிடைத்தது. வாவியின் நடுவே காற்றுக் குளிர்ந்து வீசிற்று, பிள்ளை உறங்கிவிட்டது. நூலை அவிழ்த்து அட்டையைத் தண்ணீருக்குள் எறிந்துவிடும்படி பாட்டி சொன்னாள். மகள் அவிழ்த்தாள், ஆனால் எறியவில்லை. வீட்டிலே, கூரையின் வளையோடு சேர்த்துக் கட்டப்பட்ட பொலித்தீன் பையொன்றில், பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரமும், தங்கையின் மகனுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் பிரதியும், 1990ஆம் ஆண்டு தமையனுக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் மங்கிப்போன பிரதியும் இருந்தன. கடல் மறுபடியும் வந்தால் உயரத்தில் இருக்கட்டும் என்பதற்காக அது அங்கே கட்டப்பட்டிருந்தது. மறுநாட் காலையில் அவள் கதிரையொன்றின் மீது ஏறி நின்று அப்பையை அவிழ்த்து, அட்டையை அவற்றோடு வைத்து, முன்போலவே இறுக்கிக் கட்டினாள்.